மோட்டாரை நிறுத்துகிற டப்பா

ஓடுகிற சாமானை விற்பது தொழில்; ஓடுவதை நிறுத்துகிற சாமானை விற்பது தலையெழுத்து. எழுபதுகளில் எனக்கு வாய்த்தது இரண்டாவது. எதையாவது மும்முரமாகத் தயாரித்துவிட்டு, இதை யார் தலையில் கட்டுவது என்று விழித்த அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் கிட்டே வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தகர ஷெட். அதில் டிரான்சிஸ்டர் எல்லாம் வைத்து ஒரு எலெக்ட்ரானிக் டப்பா செய்தோம். கிணற்று மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். ஒரு பேஸ் போய் இரண்டில் ஓடினால் மோட்டார் உறுமும், சூடாகும், எரிந்துபோகும். அதற்குள் எங்கள் டப்பா மோட்டாரை நிறுத்திவிடும். நான் மேனேஜர். விற்பனை, ரிப்பேர், கூரை ஒழுகினால் வாளி வைப்பது எல்லாமே என் இலாகா. ராக்கில் நூற்றிருபது டப்பா தூங்கிக்கொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டு, ஆயுத பூஜைக்குள் அத்தனையும் போகவேண்டும், இல்லையென்றால் பூஜையைப் போட்டுவிட்டு ஷெட்டை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். உள்ளே பதினெட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். என்னோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் சோறு அந்த ராக்கில் இருந்தது.

ஃபியூஸைப் பிடுங்கிய கதை

முதல் படையெடுப்பு பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம், முனிரத்தினம் என்ற விவசாயியின் பம்ப் செட்டுக்கு. நெல் போட்டிருந்தார். நல்ல மனுஷர். நான் போனதும் மோர் கொடுத்தார். டப்பாவை மாட்டினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபியூஸைப் பிடுங்கினேன். மோட்டார் டக்கென்று நின்றது. வாய்க்காலில் தண்ணீரும் நின்றது. கைதட்டுவார்கள் என்று நானும் நின்றேன்.

யாரும் கைதட்டவில்லை. அவர் கண்டென்சர் ஒன்றை மாட்டி, இரண்டு பேஸ் வரும்போதும் எப்படியோ மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பாதிப்பேர் அப்படித்தான் தண்ணீர் பாய்ச்சினார்கள். முழுசாக மூன்று பேஸுக்குக் காத்திருந்தால் நாற்று காய்ந்துவிடும். இது எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? ஒருவரும் வயலில் கால் வைத்ததில்லை. முனிரத்தினம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மோட்டாரை நிறுத்தறதுக்கு உன் டப்பா இன்னாத்துக்கு நைனா? அதுக்குத்தான் கரண்ட் ஆபீஸ் இருக்குதே."

சிவப்பு விளக்கு

விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் வியாபார வகுப்புக்குப் போய்வந்திருந்தார். சரக்கில் குறையில்லை, தோற்றத்தில்தான் குறை என்றார். சாம்பல் நிற டப்பாவுக்கு நீலப் பெயின்ட் அடித்தோம். மண்டையில் ஒரு சிவப்பு விளக்கு வைத்தோம். ஒரு பேஸ் போனதும் விளக்கு எரியும். முனிரத்தினத்தைக் கெஞ்சி, காசே வேண்டாம், பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள் என்று ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன்.

பதினைந்தாம் நாள் போனால் மனுஷர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. டப்பாவை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டுகிறாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நூற்றுப் பத்தொன்பதுதானே, போய்விடும் என்று மனசு கூத்தாடியது. எப்படி உபயோகப்படுகிறது என்று கேட்டேன்.

"சூப்பரா கீது நைனா. வூட்டாண்டயிருந்தே செவப்பு லைட்டு தெரியுது. ரெண்டு பேஸ்தான் வர்துன்னு புரிஞ்சிக்கினு, உடனே ஓடியாந்து உன் டப்பாவைக் கழட்டிட்டு மோட்டாரைப் போட்ருவேன்."

ஒரே ஒரு ஃபேன்

வெளியே இப்படி என்றால், உள்ளே வேறு பேஜார். எங்கள் பெண்கள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். வலை பின்னிப் பழகிய விரல்கள். தலைமுடி மாதிரி கம்பியை அறுபடாமல் சுற்றுவார்கள். ஆனால் ஷெட்டுக்கு இருந்தது ஒரே ஃபேன். அதன் கீழே யார் உட்காருவது என்று தினமும் காலையில் ஒரு யுத்தம். முதலாளி அனுப்பிய நிர்வாகப் புத்தகத்தைப் புரட்டி, சர்வீஸ்படி இடம் ஒதுக்கி அட்டையில் எழுதி மாட்டினேன். அன்றைக்குப் பாதிப்பேர் கம்பியையே தொடவில்லை.

மறுநாள் அட்டையைக் காணோம். பவுனம்மா என்று ஒரு அம்மாள், அவர்களில் மூத்தவர், சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டிருந்தார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்களாம். அதற்குப் பாடு என்று பேர். அதே முறையில் நாளுக்கு மூன்று பேர், அப்புறம் அடுத்த மூன்று பேர். சத்தமே இல்லை. நான் அசடு வழிய நின்றேன்.

"அவ்ளோ பெரிய ஏரியவே பங்கு வச்சிக்கினு மீன் புடிக்கிறோம் சார். ஒரு ஃபேனைப் பங்கு போட எங்களுக்கு அட்டை வேணுமா?"

எரிந்தவர்கள் கூடும் இடம்

ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முனிரத்தினத்திடமிருந்து ஆள் வந்தது. உங்கள் டப்பாவால் மோட்டார் எரிந்துவிட்டது, உடனே வரவும் என்று. ஒழிந்தது, இனி ஷெட் இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன். பெண்களிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன். பெரியபாளையத்தில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் தேவராஜ் என்பவரின் வைண்டிங் கடையில்தான் மோட்டார் கிடந்தது. அது மட்டுமா? வாசல் முழுக்க எரிந்த மோட்டார்கள். நடவு நேரம் வேறு. ஒவ்வொரு மோட்டாருக்குப் பக்கத்திலும் ஒரு விவசாயி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் தேவராஜைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன். மோட்டார் எரியாவிட்டால் அவருக்கு ஏது பிழைப்பு? நான் அவருக்கு ஜென்ம விரோதி அல்லவா? அவரோ மோட்டாரைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். உள்ளே கம்பிச் சுற்று ஒரு பக்கம் கருகிக் கிடந்தது, இன்னொரு பக்கம் புதுசு. இது ரெண்டு பேஸில் ஓட்டிய வேலை, டப்பாவைக் கழற்றினவர்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். அப்புறம் தேவராஜ் என்னைத் தனியே கூப்பிட்டுத் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டினார். ஆறு மாசம் கேரண்டி கொடுத்துச் சுற்றித் தருகிறார். ஆட்கள் ரெண்டு பேஸில் ஓட்டி எரித்துவிட்டு, உன் வைண்டிங் மட்டம் என்று திரும்பத் தூக்கிவருகிறார்கள். சும்மா மறுபடி சுற்றிச் சுற்றிக் கை வீங்கிவிட்டது. இனிமேல் டப்பா மாட்டினால்தான் கேரண்டி; தானே அரக்கு வைத்து சீல் போட்டுவிடப்போவதாகவும், சீல் உடைந்தால் கேரண்டி போச்சு என்றும் சொன்னார். நான் ஆறு மாதமாக அலைந்தும் பிடிபடாததை அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

"நல்லா சுத்தற மோட்டார்காரன் உன் டப்பாவை வாங்க மாட்டான் சார். எரிஞ்சவன்தான் வாங்குவான். எரிஞ்சவன் பூரா எங்கிட்டத்தான் குந்திக்கினு கீறான்."

ஆயுத பூஜை

முதல் டப்பாவை வாங்கியவர் முனிரத்தினம். பூஜைக்கு முந்தின நாள் தேவராஜ் டெம்போ பிடித்துவந்து மிச்சத்தையெல்லாம் அள்ளிப்போனார். இன்னும் இருநூறு வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். மறுநாள் முதலாளி வந்து காலி ராக்கைப் பார்த்தார், தேவராஜின் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேவராஜ் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்தேன். முதலாளி தேங்காய் உடைக்கிற தோரணையில் தலையாட்டினார்.

"எரிஞ்ச மோட்டார்காரனைத் தேடிப் போங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

ஆமாம் சார், சொன்னீங்க என்றேன். ஷெட் மூடப்போகிற பேச்சு பெண்களுக்கு எட்டாமலா இருக்கும்? கடைசியாகப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு மெஷினுக்கும் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி சொன்னது காதில் விழுந்ததும், இனி ஷெட் மூடாது என்று தெரிந்து பவுனம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"பொரியை அப்பால துன்னலாம். நாளைக்கு விஜயதசமி, எட்டு மணி பஸ்ஸை எவளும் வுட்டுடாதீங்கடி."

ஒருவருக்குத் தோன்றிய யோசனையை இன்னொருவர் தன்னுடையது என்று நம்புகிறவரைக்கும், நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.