தாளிப்பு நின்ற தெரு

என் மகளுக்கு அம்மை போட்ட வருடம் நாங்கள் உத்தமபாளையத்தில் குடியிருந்தோம். எனக்குப் பிறந்த ஊர் ராயப்பன்பட்டி. மாதா கோயில் மணிக்கு எழுந்து, அதே மணிக்குப் படுத்து வளர்ந்தவள். மலைமேல் அணை கட்டும் வேலை தொடங்கியதும் என் வீட்டுக்காரர் மாட்டுவண்டியில் சுண்ணாம்பு ஏற்றிப் போகிற வேலையைப் பிடித்தார். வண்டிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் சௌகரியம் என்று என்னையும் ஐந்து வயது மகளையும் இந்த ஊருக்குக் கூட்டிவந்தார். கூட்டிவந்து வைத்ததோடு சரி. மலையடிவாரத்துக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

வந்த புதிதில் அந்தத் தெருவை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முக்கால்வாசி ராவுத்தர் வீடுகள். எந்நேரமும் யார் வீட்டிலாவது வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும். எதிர் வீட்டு நாயக்கரம்மா வடை சுட்டுச் சந்தையில் விற்பவர். அவர் எண்ணெய்ச் சட்டி விடிந்ததும் காய ஆரம்பித்துவிடும். யாராவது மிளகாய் வறுத்தால் இருமல் எங்கள் வீடு வரைக்கும் வரும். "தும்மித் தும்மியே சாகணும்னு என்னை இங்கன கொண்டாந்து வச்சீகளா?" என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே மாட்டை அவிழ்க்கப் போய்விடுவார். கோபக்காரியைக் கட்டியவருக்கு அந்த அளவு சாமர்த்தியம் வேண்டும்தானே.

ஆனி பிறந்தால் எங்கள் பள்ளத்தாக்கில் மேல்காற்று வந்துவிடும். கூரைக்கு மேல் கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம், மேற்குப் பார்த்த கதவைத் திறக்கவே மாட்டோம். அந்த வருடம் ஆனி பாதி ஆகியும் காற்று இல்லை. மரத்தில் இலை அசையாமல் புழுங்கித் தள்ளியது. அந்தப் புழுக்கத்தில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, முகத்திலும் நெஞ்சிலும் முத்து போட்டது.

வாசலில் வேப்பிலை செருகினேன். தலைமாட்டில் செபமாலையைத் தொங்கவிட்டு, அதற்கும் பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை வைத்தேன். எங்கள் ஊர் மாதா கோயில் சாமியார் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும், பிள்ளை பெற்றவர் அவரா நானா என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எதையும் வறுக்கவோ இடிக்கவோ கூடாது. தாளிப்பு வாசம் பட்டால் முத்து உள்ளே அமுங்கி, பிள்ளைக்கு ஆபத்தாகிவிடும் என்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் ஊரில் அது அந்த வீட்டோடு முடிந்துவிடும். இங்கே வேப்பிலை செருகிய இரண்டாம் நாளே தெருவில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. எந்த வீட்டிலிருந்தும் ஒரு வாசமும் இல்லை. உலக்கைச் சத்தம்கூட இல்லை.

பக்கத்து வீட்டு ராவுத்தரம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ஏக்கா, உங்க வீட்ல அடுப்புப் பத்த வைக்கலையா?"

"வச்சோமே. கஞ்சியும் வேகவச்ச கத்தரிக்காயும்."

"யாருக்கு மேலுக்குச் சொகமில்ல?"

"ஒம் மகளுக்குத்தான்டி" என்றார் அவர், என்னைக் கிறுக்கியைப் பார்ப்பதுபோல் பார்த்து. "தெருவுல ஒரு பிள்ளைக்கு அம்மை போட்ருக்கு, நாங்க இங்கன கடுகைப் பொரிச்சுத் திம்போமா?"

அந்தத் தெருவில் நான் யார்? வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜாதியும் வேறு, சாமியும் வேறு. நாயக்கரம்மாகூட எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறும் சுண்டலை அவித்துச் சந்தைக்குக் கொண்டுபோனார். தாளிக்காத சுண்டலை எவன் வாங்குவான்? "மாட்டுக்கா, மனுசனுக்கா?" என்று கேலி பேசினார்களாம். "வாங்குனா வாங்குங்க, இல்லாட்டி நடையைக் கட்டுங்க" என்று அவரும் பதிலுக்குக் கொடுத்திருக்கிறார்.

பிள்ளைக்கு நாளுக்கு நாள் மோசமாயிற்று. வாய்க்குள்ளும் முத்து. கண் திறக்கவில்லை, அம்மா என்று கூப்பிடவும் இல்லை. கஞ்சியைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்தால் அப்படியே வழிந்துவிடும். வாசலோடு நின்று பார்த்துப் போன வைத்தியர், "அவளா வாயைத் திறந்து ஒரு மடக்கு உள்ள எறங்கிட்டாப் பொழச்சுக்கிருவா. எறங்கலேன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்றார். மலைக்குப் போகிற வண்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். சேதி என் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. நான் ஜெபம் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி மாதாவோடு சண்டைதான் போட்டேன்.

அக்காவின் ஒரே மகளுக்கு நிக்காஹ் அப்போது நெருங்கி வந்தது. மாப்பிள்ளை வீடு கம்பம். நாள் குறித்து, ஊரெல்லாம் அழைத்தாகிவிட்டது. வீட்டு முற்றத்தில் நெய்ச்சோறும் கறியும் ஆக்காமல் கல்யாணம் ஏது? நானே சுவரோரம் போய், "அக்கா, எங்களுக்காகப் பாக்காதீக. மாதா விட்ட வழி. நீங்க ஆக்குங்க" என்றேன்.

"வாயை மூடுறியா? மொதல்ல உள்ள போ" என்றார்.

அவர் வீட்டு ஆண்கள் கூடிப் பேசி, சமையலை ஊருக்கு வெளியே கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். மேற்கே ஒரு புளியந்தோப்பு. நல்ல நிழல், பக்கத்திலேயே கிணறு. அண்டா, கரண்டி, விறகு எல்லாம் வண்டியேறிப் போயின. கல்யாண வீட்டில் அடுப்பு இல்லாததைப் பார்த்து முன்னமே வந்திருந்த கம்பத்து உறவுக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அத்தனை பேர் கூடி யோசித்ததில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. பிறந்ததிலிருந்து மேல்காற்றில் நெல் தூற்றி, மேல்காற்றுக்குப் பயந்து வீடு கட்டியவர்கள். காற்றில்லாத மூன்று வாரத்தில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டு, அடுப்பை மேற்கே கொண்டுபோய் மூட்டியிருக்கிறார்கள்! இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

கல்யாணத்தன்று காலையில் வெயில் ஏறுகிற நேரம், கூரை ஒரு தரம் முனகியது. அப்புறம் கதவு அடித்துக்கொண்டது. மேல்காற்று வந்துவிட்டது. வந்ததும் வெறுங்கையோடு வரவில்லை. நெய்யில் வதங்கிய வெங்காயம், பட்டை, கிராம்பு, கறி, அத்தனை வாசத்தையும் தோப்பிலிருந்து வாரிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்குள் கொட்டியது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். சந்தில் துணியை அடைத்தேன். கூரை இடுக்கு வழியாக வருகிற காற்றை எதைக்கொண்டு அடைப்பது? பிள்ளைமேல் கவிழ்ந்து படுத்து, என் உடம்பால் மறைக்கப் பார்த்தேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வெளியே யாரோ ஓடிவரும் சத்தம். அக்காவின் குரல்.

"ஆத்தா, பாவி நான்! காத்து வந்துருச்சுடி! அடுப்பை அவிக்கச் சொல்லி ஆளை விட்ருக்கேன். பிள்ளை எப்படிடி இருக்கா? சொல்லுடி!"

என் கழுத்துக்குக் கீழே ஏதோ அசைந்தது. எழுந்து பார்த்தேன். பிள்ளையின் மூக்கு விடைத்திருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த இமையில் ஒன்று பாதி திறந்திருந்தது.

"அம்மா" என்றாள். "என்னமோ மணக்குது. எனக்கு?"

நான் போட்ட கூச்சலைக் கேட்டு அக்கா விபரீதமாக நினைத்து வெளியே ஓவென்று அழுதுவிட்டார். "இல்லக்கா, அழாதீக! பசிக்குதுங்குறா! உங்க வீட்டுச் சோத்தைக் கேக்குறா!" என்று கத்தினேன்.

வெளியிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதட்டல் வந்தது. "தலைக்குத் தண்ணி ஊத்துனதும் ஒரு அண்டாவே ஆக்கித் தாரேன்னு சொல்லு. இப்பக் கஞ்சியக் குடு. வெரசாக் குடுடி."

ஒரு கரண்டி கஞ்சியை வாயில் விட்டேன். வழியவில்லை.

"எறங்குச்சா?" கதவுக்கு வெளியிலிருந்து.

"எறங்குச்சுக்கா."

"இன்னொரு கரண்டி குடு. எறங்குச்சா?"

பக்கத்து வீட்டில் திடீரென்று பேச்சரவம் அடங்கி, ஓதுகிற சத்தம் கேட்டது. உள்ளே பெண்கள் குரவையிட்டார்கள். மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டுகிறார்கள். அதைப் பார்க்க வேண்டிய தாய், பட்டுச்சேலையோடு என் வாசல் மண்ணில் உட்கார்ந்து, "எறங்குச்சாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.