பேரனுக்குத் தண்ணீர் ஊற்றும் முன்னே

மாரியாத்தாளை நம்பி வந்திருக்கிற உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நான் கேட்டது இரண்டு உயிர். கிடைத்தது ஒன்று.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். என் நாலு வயது மகனுக்குப் பெரியம்மை போட்டிருந்தது. கண்ணிலும் முத்து இறங்கிவிட்டது. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத முகம். தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. பார்க்க வந்த பூசாரியும் கையை விரித்துவிட்டார். புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டில் எங்கய்யாவோடு வந்து கிடந்த எனக்கு, இருந்தது அவன் ஒருத்தன்தான். நான் மனசு விட்டுவிட்டேன்.

எங்கய்யா விடவில்லை. மழை பொய்த்துக் காட்டு வேலை நின்றதிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தார். அந்த மருந்து உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும். கிணற்றில் குளித்து வேட்டி மாற்றிவிட்டுத்தான் எப்போதும் வீட்டுக்குள் கால் வைப்பார். அடுப்பும் விளக்கும் இருக்கிற இடமாயிற்றே.

ஆனால் அம்மை போட்ட வீட்டில், பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் குளிக்கக் கூடாது, துணி வெளுக்கக் கூடாது. வேலையை விட்டால் கஞ்சிக்கு வழியில்லை. அதனால் குளிக்காமலே வந்தார். துண்டால் மேலைத் தட்டிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து சோற்றை வாங்கிக்கொள்வார். குளித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா தாயி. அவளுக்கு ஆகாததை நான் செஞ்சு, பயலுக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றார்.

பூசாரி வந்துபோன அன்று வாசலில் நின்று கும்பிட்டார். "ஆத்தா, அவன் சின்னப்பய. என்னைய எடுத்துக்க." நான் உள்ளே இருந்து கேட்டேன். ரெண்டு பேரையும் விட்டுவிடு என்று மனசுக்குள் கதறினேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் வேப்பிலை ஒடிக்கப் போனேன். பிள்ளையின் தலைமாட்டு விளக்கு காற்றில் அணைந்திருக்கிறது. அம்மை வீட்டில் விளக்கு அணைந்தால் ஆகாது. எங்கய்யா உள்ளே போய் ஏற்றியிருக்கிறார். உடம்பில் அப்பியிருந்த மருந்து பற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அவர் தெருவில் புரண்டுகொண்டிருந்தார். எரிகிற உடம்போடு பிள்ளையை விட்டு விலகி வெளியே ஓடியிருக்கிறார். பிள்ளை மேல் ஒரு பொறிகூட விழவில்லை.

லாரியில் ஏற்றி விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பயலுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் வந்து, கஞ்சி குடித்தான் என்றாள். எங்கய்யா கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அன்றே போய்விட்டார்.

அவர் கேட்டதை ஆத்தா கொடுத்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. நான் பல வருஷம் அவள் கோவில் பக்கம் போகவில்லை.

பிறகு எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் அம்மை போட்டது. அந்தப் பிள்ளையின் அப்பனும் வெடிமருந்து கலக்குகிறவன்தான். மருந்து அப்பிய உடம்போடு வாசலில் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. குடத்துத் தண்ணீரை அவன் தலையில் கொட்டினேன். தெருவே என்னை ஏசியது. குற்றம் என்னைச் சேரட்டும் ஆத்தா என்று வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை பிழைத்தது. அப்பனும் இருக்கிறான்.

அந்தப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்குத்தான் கோவிலுக்குப் போனேன். ஆத்தாளுக்குக் கோபமே இல்லை என்று தெரிந்ததும் நன்றியும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்படியானால் எங்கய்யாவும் குளித்திருக்கலாம்.

என் மகனுக்கு ஒரு கண் இல்லை. திருத்தங்கலில் அச்சாபீஸில் வேலை பார்க்கிறான். மருந்துப் பக்கம் நான் விடவில்லை. தாத்தா முகம் அவனுக்கு ஞாபகமில்லை.

ஆத்தாளை நம்புங்கள். கேளுங்கள், தருவாள். ஆனால் மருந்து வேலைக்குப் போகிறவர்கள் குளித்துவிட்டு அவள் முன்னால் போய் நில்லுங்கள். அவள் கோவித்துக்கொள்ள மாட்டாள். அதற்கு நான் சாட்சி.