மூன்று படி இரண்டு படியாக

1987 மே 14, வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. வானத்தில் ஒரு மேகம் இல்லை. உத்தனப்பள்ளிக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த எங்கள் கொல்லையில் அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு போட வந்த போர் வண்டி 460 அடியைத் தொட்டபோது வெள்ளைப் புழுதி கருத்து, சேறாகி, பிறகு தண்ணீராகப் பீறிட்டது. அண்ணி எட்டு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடியே அதில் போய் நின்றார். அழுதாரா என்பது அந்த ஈரத்தில் தெரியவில்லை.

அழுவதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்து, எங்கள் 42 அடிக் கிணறு வறண்டு, ஏரிப் பள்ளத்தில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு குடம் நிறைய ஐம்பது நிமிடம். அந்தத் தண்ணீரில்தான் முந்தைய கோடையில் அண்ணியின் மூத்த மகன், நான்கு வயது, வாந்தி பேதியில் மூன்றே நாளில் போனான். மிஞ்சியது இந்தப் பெண் ஒன்றுதான்.

வானிலை மாறிவிட்டது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அன்று எங்களுக்கு அப்படிப் பேசத் தெரியாது. மழை இல்லையா, இன்னும் ஆழமாகத் துளை போடு, அவ்வளவுதான்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் எழுத்தர். வீட்டில் படித்தவன் நான் ஒருவனே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று அறிந்திருந்தேன். அதோடு நின்றிருக்கலாம். எங்கள் வீட்டில் மருந்து என்றால் கஷாயம். சுண்டச் சுண்டத்தான் அதற்கு வீரியம். அந்தப் பழக்கத்தில், மூன்று படி தண்ணீர் இரண்டு படியாகும் வரை காய்ச்ச வேண்டும் என்று நானாக ஒரு விதி வைத்தேன். முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு முன் கடிகாரத்தோடு அடுப்பருகே நிற்பேன். "தண்ணிக்கும் ஷிப்டு போட்டுட்டான்டி உன் கொழுந்தன்" என்று அண்ணன் கேலி செய்வார்.

அண்ணிக்கு அந்தப் போர்த் தண்ணீர் பிடிக்கவில்லை. ஒரே ஒரு முறை சொன்னார்: "வழவழன்னு ஒரு மாதிரியா இருக்குது தம்பி. ஊத்துத் தண்ணியவே நல்லாக் காய்ச்சிப் புள்ளைக்குக் குடுக்கறனே."

"மறுபடியும் அந்தப் பள்ளமா?" என்றேன்.

மூன்றே சொல். அதன்பின் அவர் எட்டு வருடம், ஒரு நாள் தவறாமல், மூன்றை இரண்டாக்கினார். களி கிளறியதும் அதில்தான்.

பெண்ணுக்கு ஏழு வயதில் முளைத்த முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. எட்டு வயதில் நடக்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசின. முழங்கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கணுக்கால்களின் இடைவெளியை அளந்தேன். நான்கு விரல். ஆறு மாதம் கழித்து ஏழு விரல்.

கிருஷ்ணகிரியில் டாக்டர் என்ன தண்ணீர் என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே, எத்தனை அடி, எத்தனை நிமிடம், எத்தனை படி எல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆழத்துப் பாறையில இருக்கற ஃப்ளோரைடு தண்ணியில கரைஞ்சு வருதுங்க. எலும்பை வளைக்கறது அதுதான். காய்ச்சினா கிருமி சாகும், இது போகாது. சுண்டச் சுண்ட அதிகமாத்தான் ஆகும்."

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். மூன்று இரண்டானால் நஞ்சு ஒன்றரை மடங்கு. பக்கத்தில் அண்ணி நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடமாகவே அவரால் குனிய முடியவில்லை. களையெடுத்த வலி என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் இரண்டு கால் எலும்புகளையும் வெட்டி நேராக்கினார்கள். பெண் நடந்தாள். அதே தண்ணீரால் இறுகிப்போன அண்ணியின் முதுகுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள்.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. தகரக் கூரையின் கீழ் அண்ணன் டிரம் வைத்தார். அது நிரம்பியதும் அண்ணி குடத்தோடு என் முன் வந்து நின்றார்.

"மழத்தண்ணியக் காய்ச்சணுமா தம்பி, அப்படியே குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் டிரம்மை மூடப் பலகை தேடிப் போனேன். அவர் அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்.

அறுவை, மாவுக்கட்டு, பஸ் எல்லாம் சேர்த்து என் சேமநல நிதியிலிருந்து போனது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.