ராகேஷ் சாருக்குத் தமிழ் வந்த கதை

தமிழ் தெரியாத ஒருத்தருக்குப் புது வார்த்தை சொல்லிக்கொடுக்கறது பெரிய வேலையே இல்லைங்க. அந்த வார்த்தையை வச்சிக்கினு அவர் தெருவுல இறங்குவாரு பாருங்க, அப்பதான் நம்ம பாடே ஆரம்பிக்கும். இதே தொழில்ல மாட்டிக்கினு முழிக்கிறவங்க யாராச்சும் இருந்தா, கையைக் கொடுங்க.

எனக்கு வாய்ச்ச மாணவர் ராகேஷ். பீகார்க்காரர். ரிஷிவந்தியத்துல ஒரு பேங்க்ல புது ஆபீசர். தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணாத்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானாத்தான் பொண்ணு தருவேன்னு ஊர்ல மாமனார் ஆகப்போறவர் கறாரா சொல்லிட்டாராம். "டீச்சர், என் கல்யாணம் உங்க கையில"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிக் கும்பிட்டாரு. எனக்கு மனசு இளகிப்போச்சு.

மார்க்கெட்டுல பாடம்

படம் காட்டறதைவிட நேர்ல காட்டினா மனசுல நிக்கும்னு கள்ளக்குறிச்சி காய்கறி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கினு போனேன். ஒவ்வொரு காயா நான் தொட்டுச் சொல்ல, அவர் ஊருக்கே கேக்கற மாதிரி, "சுரைக்காய்! பீர்க்கங்காய்! கொத்தவரங்காய்!" கடைக்காரம்மா அவர் சொல்லச் சொல்லத் தராசுல எடுத்துப் போட்டுக்கினே இருந்தாங்க. வேணாம்மா, பாடம் நடக்குதுன்னேன். அந்தம்மா மூஞ்சியே மாறிடுச்சு.

"பேரை மட்டும் கத்துக்கினு போயிட்டா, காயை யாரும்மா வாங்கறது?"

யாருக்கு எந்த முறை

பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, முறை வச்சிக் கூப்பிடுங்கன்னேன். சின்னவங்கன்னா தம்பி, கொஞ்சம் பெரியவங்கன்னா அக்கா, அறுபது தாண்டிட்டா பாட்டி, நம்ம ஊர்ல ஆயா. முகத்தைப் பார்த்துதான் முடிவு பண்ணணும்னு சொல்ல மறந்துட்டேன். மனுஷன் பேங்க்காரர் இல்லையா, ஆதாரைப் பார்த்து முடிவு பண்ணிட்டாரு! நகையை அடகு வைக்க வந்த ஒரு அம்மா, தலைக்கு மை பூசி, மல்லிப்பூ வச்சி, பளிச்சுனு நின்னிருக்காங்க. இவர் ஆதார்ல பொறந்த வருஷத்தைப் பார்த்துட்டு, மரியாதையா எழுந்து நின்னு, வாய் நிறைய "வாங்க ஆயா"ன்னாரு. மொத்த பேங்க்கும் சிரிச்சிடுச்சு.

"யாருய்யா ஆயா? குடு என் நகையை, நான் வேற பேங்க்ல வச்சிக்கிறேன்!"

சொன்னா சொன்னபடி

களமருதூர்ல ஒரு விவசாயி, மோட்டாருக்கு லோன் கேட்டிருந்தாரு. கிணத்தைப் பார்க்கப் போன ராகேஷ், கிளம்பும்போது "போறேன்"னு சொல்லிட்டாரு. அந்த வூட்டு ஜனங்க பதறிப்போய், திரும்ப உள்ள கூப்பிட்டு உக்கார வச்சி, தண்ணி கொடுத்து, "போயிட்டு வரேன்"னு சொல்ல வச்சிதான் அனுப்பியிருக்காங்க. ஏன்னு என்னைக் கேட்டாரு. போறேன்றது அபசகுனம், வரேன்னுதான் சொல்லணும்னேன். அதோட விட்டாரா? வரேன்னு சொல்லிட்டோமேன்னு மறுநாளே போய் நின்னிருக்காரு. அங்கயும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்". அதனால அதுக்கு மறுநாளும் போனாரு. அந்த விவசாயி வாசல்லயே மறிச்சி நிறுத்திட்டாராம்.

"இன்னா சார், தெனம் வந்து பாக்கறீங்க? லோன் இல்லன்னு சொல்லத்தான் வர்றீங்களா?"

பரீட்சை

மேலாபீஸ்ல இருந்து பரீட்சை வைக்க ஒரு அதிகாரி பேங்க்குக்கே வந்தாரு. நானும் ஒரு ஓரமா உக்காந்திருந்தேன், எனக்கே பொண்ணு பாக்க வந்த மாதிரி படபடப்பு. "தங்களைப் பற்றிக் கூறுங்கள்"னாரு அதிகாரி. ராகேஷுக்கு வேர்த்துக் கொட்டுது, வாயே திறக்கல. அத்தனை வார்த்தை சொல்லிக்கொடுத்தேனே, எல்லாம் எங்க போச்சோ! போச்சு, பாவம், கல்யாணமும் போச்சுன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் பாஸ்புக்கை ஆட்டிக்கினு, இன்னும் எத்தினி நாளைக்கு என்ட்ரி போடற மிசினு ரிப்பேர்னு கத்தினாரு. ராகேஷ் சட்டுனு திரும்பினாரு. "இன்னா பெரியவரே, வந்ததுல இருந்து கத்திக்கினே கீறீங்க? அப்டி ஃபேனாண்ட குந்துங்க. மிசினை நானா ஒடச்சேன்? மத்தியானம் ஆளு வரான். மொதல்ல உங்களுக்குத்தான் போட்டுத் தருவேன், போதுமா?" பெரியவர் கப்சிப்னு போய் உக்காந்துட்டாரு. அதிகாரி சிரிச்சிக்கினே பாஸ்னு எழுதிட்டு, என் பக்கம் திரும்பினாரு.

"நீங்கதான் டீச்சரா? இதுல நீங்க சொல்லிக்கொடுத்த வார்த்தை எதும்மா?"

கல்யாணப் பத்திரிகையில 'எனக்குத் தமிழ் தந்த டீச்சர்'னு ராகேஷ் என் பேரைப் போட்டிருக்காரு. பேங்க் கவுன்டர் வரிசையில நின்னு தெனம் அவர்கிட்ட கத்தின அத்தனை பேருக்கும் சேர வேண்டிய பெருமையை நான் ஒருத்தியே வாங்கிக்கினு கமுக்கமா இருக்கேன், நீங்களும் வெளிய சொல்லிடாதீங்க.