பீரோவில் வைத்த சோப்பு

மலேசியாவிலிருந்து வரும்போதெல்லாம் மாமா கொண்டுவந்த சோப்பைப் போட்டு எங்கள் வீட்டில் யாரும் குளித்ததில்லை. "குளிச்சா ஒரு வாரத்துல கரைஞ்சுபோகும்" என்று அம்மா அதைப் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் வைத்துவிடுவாள். பீரோவைத் திறந்தால் ஃபாரின் மணக்கும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் உள்ளே வராத காலம் அது.

பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். நாடு முன்னேறும் என்றார்கள், முன்னேறட்டும். போன வாரம் காரைக்குடி மளிகைக்கடையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அதே சோப்பு குவிந்துகிடந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒன்றே ஒன்று வாங்கிவந்து பீரோவில் வைத்தேன்.

"குளிக்கிற சோப்பை எதுக்கு இங்குட்டு வச்சிருக்கீக?" என்றாள் மனைவி.

எடுத்து முகர்ந்தேன். சோப்பு வாசம்தான் வந்தது.