பெயிண்ட் பிடித்துக்கொண்டிருந்த தூண்

நேற்று சந்தாபுராவில் அர்ஜுனனை எடுத்தார்கள். ஐம்பத்தாறு வயது. மாரடைப்பு. அவர் மனைவி மங்களம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊட்டுல என்னா வேலம்மா செஞ்சாரு?" என்று கேட்டாள். வருகிற ஒவ்வொருவரிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "போர்ட்டிகோ தூண்" என்றேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அர்ஜுனனுக்கு போர்டு கிடையாது, கார்டு கிடையாது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய வீடு வைத்திருப்பவர்களின் சமையலறைச் சுவரில் அவருடைய நம்பர் பென்சிலால் எழுதியிருக்கும். ஓட்டுக் கூரை, மரப்படி, போர்ட்டிகோ ரிப்பேர் என்றால் அவர்தான். ஓட்டுக்கடையில் கன்னடம், தச்சரிடம் உருது, எங்களிடம் கிருஷ்ணகிரித் தமிழ். சட்டைப் பையில் எப்போதும் மஞ்சள் பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். விலை பேசுவதற்கு முன்னால் அதை எடுத்து மரத்தைக் குத்திப் பார்ப்பார்.

ஐந்து வருஷத்துக்கு முன், ஒரு மே மாதம். சனிக்கிழமை எங்கள் மகள் ஆஷ்லிக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி பெண் கோயிலுக்குப் புறப்படும்முன் போர்ட்டிகோவில் நிற்பாள். சுற்றி எல்லோரும் நிற்க, பாஸ்டர் ஜெபம் பண்ணுவார். அதற்காகப் புது பெயிண்ட் அடிக்கத்தான் என் கணவர் டென்சில் திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டார்.

அர்ஜுனன் இடதுபக்க மரத்தூணைக் குத்தினார். ஸ்க்ரூடிரைவர் பிடிவரை உள்ளே போயிற்று.

"கரையான் சார். உள்ள ஒண்ணுமே இல்ல."

"நீ குத்தினா எதுலதான் போகாது? எங்கப்பா காலத்துலேர்ந்து நிக்குது மேன்."

"நிக்கல சார். பெயிண்ட்டு புடிச்சு வெச்சிருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. டென்சில் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் அந்தத் தூணுக்குப் பெயிண்ட் அடித்தவர் அவர். சுரண்டிப் பார்க்காமல், அதன் மேலேயே.

புதுத் தூண் போடப் பத்து நாள் ஆகும், அதுவரை உத்தரத்துக்குக் கீழே, திருகி உயர்த்துகிற இரும்பு முட்டு, ஜாக்கி, இரண்டு கொடுக்கவேண்டும் என்றார் அர்ஜுனன்.

"கல்யாண போட்டோவுல ஜாக்கியா? இது என்ன மெட்ரோ வேலையா?"

"மெட்ரோக்காரன் வருசக்கணக்கா இழுப்பான் சார். எனக்குப் பத்து நாள் போதும்."

அன்று சாயங்காலமே இரண்டு ஜாக்கியைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். டென்சில் புதன்கிழமை வேறொரு காண்ட்ராக்டரைப் பிடித்தார். அவன் தூணைக் குத்தவே இல்லை. ஓட்டையில் புட்டிப் பசையை வைத்து அடைத்து, பளபளவென்று வெள்ளை அடித்தான். வியாழக்கிழமை மத்தியானம் டென்சில் சொன்னபடி ஜாக்கி இரண்டையும் கழற்றிப் பின்பக்கம் போட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்கு மேல் தாங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அர்ஜுனனுக்குப் போன் பண்ணினேன். ஜாக்கியைக் கழற்றிவிட்டதைச் சொன்னேன்.

"காலையில வரேம்மா. சார்கிட்ட நீங்க சொல்லாதீங்க. நானே சொல்லிக்கறேன்."

ஆறரை மணிக்குச் சலவைச் சட்டையில் வந்தார். வானம் கறுத்திருந்தது. அவர் தூணைப் பார்க்கவில்லை. தூணில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். ஷாமியானா போட்டவர்கள் ஒரு மூலைக் கயிற்றை அதில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழை பெய்து துணியில் தண்ணீர் தேங்கினால் பாரம் முழுவதும் அந்தத் தூணை இழுக்கும்.

டென்சில் பனியனோடு வெளியே வந்தார். "உன்ன யாருப்பா கூப்பிட்டது?"

"கயிற அவுக்கணும் சார்."

"அவுத்தா பந்தல் சரியும். ரெண்டு மணி நேரத்துல ஜனம் வரும். இன்னிக்கு ஒரு நாள் என்னை விட்டுடு மேன்."

அர்ஜுனன் குரலை உயர்த்தவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிடிப்பக்கம் டென்சிலை நோக்கி இருக்கும்படி நீட்டினார்.

"நீங்களே குத்துங்க சார். உள்ள போகலைன்னா நான் போயிடறேன்."

டென்சில் பிடுங்கினார். கோபத்தில் ஓங்கிக் குத்தினார். புட்டி உடைந்து, கம்பி பிடிவரை போயிற்று. உள்ளறையில் ஆஷ்லி தலையலங்காரக்காரியோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள். டென்சில் கையை எடுக்காமல் நின்றார். எடுத்தால் தூண் விழுந்துவிடும் என்று நினைத்தவரைப் போல.

அப்போது காற்று வந்தது.

"ஜாக்கி எங்க சார்?"

இருவரும் பின்பக்கம் ஓடினார்கள். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்துவிட்டது. அர்ஜுனன் என்னைப் பார்த்துக் கத்தினார்: "அம்மா, உள்ள இருந்து ஒருத்தரையும் விடாதீங்க!"

வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். டென்சிலின் அண்ணன் கில்பர்ட் காபி டம்ளரோடு வந்தார். "என்னம்மா, நம்ம வீட்டுக்கே செக்போஸ்ட் போட்டுட்டே?" என்றார். பின்னாலேயே யார் யாரோ மழை பார்க்க வந்து நெருக்கினார்கள். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஒரு அடி வெச்சாலும் அறைவேன்" என்றேன். கில்பர்ட் டம்ளரோடு பின்வாங்கினார்.

முதல் ஜாக்கி உத்தரத்தில் முட்டியது. ஷாமியானா குடம்போலத் தொங்கியது, கயிறு விறைத்தது, தூண் எங்கள் கண்ணெதிரே சாய்ந்தது. ஓடு ஒன்று சறுக்கி அர்ஜுனனின் தோளுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. அவர் நகரவில்லை. இரண்டாவது ஜாக்கியின் திருகை முறுக்கிக்கொண்டே இருந்தார். டென்சில் அதன் அடியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

"போதும் சார். இப்ப கயிற அறுங்க."

டென்சில்தான் அறுத்தார். பந்தல் நாற்காலிகளின் மேல் படுத்தது. தூணின் அடிப்பாகம் ஈரத் தவிடு மாதிரி உதிர்ந்து, தூண் சற்றுக் கீழே இறங்கியது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. உத்தரம் அசையவில்லை.

எட்டேகாலுக்கு மழை விட்டது. அர்ஜுனன் உத்தரம் முழுவதையும் தட்டிப் பார்த்து, "ஜாக்கிகிட்ட மட்டும் யாரும் வராம நில்லுங்க. அங்க நான் நிக்கறேன்" என்றார். பூ அலங்காரக்காரப் பெண் ஜாக்கிகளைச் சுற்றித் துணி கட்ட வந்தாள். டென்சில் வேண்டாம் என்றார். "தெரியட்டும்."

ஆஷ்லி வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அர்ஜுனன் சேறு தெறித்த சலவைச் சட்டையோடு, ஒரு கை ஜாக்கியின் மேல், முகத்தை நிமிர்த்தி உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமென் சொல்லும்வரை இமைகூடத் தாழவில்லை. எனக்குத் தெரியும். நானும் மூடவில்லை.

மங்களத்திடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் டென்சிலும் நானும் போகிறோம். அவர் சொல்லட்டும்.