இடது கட்டைவிரல்

திருச்சி கோர்ட் வாசலில் மனு எழுதும் அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருப்பார். எந்தப் பெண் வந்தாலும், வழக்கைக் கேட்பதற்கு முன்னால் இடது கட்டைவிரலைக் காட்டச் சொல்வார்.

வையம்பட்டியிலிருந்து என் அக்காவை அவரிடம் கூட்டிப்போனேன். முந்தின நாள் ஊர்ப் பஞ்சாயத்தில் அவளையும் அவள் புருஷனையும் பிரித்துப் பத்திரம் எழுதிவிட்டார்கள். காலையில் அவள் புருஷன் வீட்டார் வந்து அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான், பிள்ளை அவர்களுக்கு என்பதும் பத்திரத்தில் இருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

அக்காவின் விரலில் மை இன்னும் போகவில்லை. பெரியவர் பேனாவை மூடினார்.

"கைநாட்டு வச்சிட்டீங்களேம்மா. இனிமே வக்கீலைத்தான் பார்க்கணும். வழி இல்லாம இல்லை, ஆனா நாளாகும். வைக்கிறதுக்கு முந்தி வந்திருக்கக் கூடாதா? பத்திரத்தை யாரு படிச்சுக் காட்டினாங்க?"

"யாரும் படிக்கலைங்க. தம்பி வைக்கச் சொன்னான், வச்சேன்."

பெரிய மனுஷர்கள் எழுதியதை வாங்கிப் படித்தால் மரியாதைக் குறைவு என்று நான்தான் படிக்காமலே வைக்கச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. என் சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

எஸ்.எஸ்.எல்.சி. என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் யாராவது அதைக் கேட்டால், அந்தக் கண்ணாடி என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது.